ஆன்மாவும் உடலும்: இடைக்கால இலத்தீன் மரபின் ஒரு வழக்கு

‘உயிர்த்தல்’ என்னும் தமிழ்ச்சொல் மூச்சுவிடுதலையும் குறிக்கும். இலத்தீன் மொழியில் ஆன்மாவைச் சுட்டும் ‘அனிமா’ என்னும் சொல்லும் மூச்சு என்ற பொருளுடையதே. அம்மூச்சு நின்றபின், வாழ்நாளில் செய்த வினைகளுக்குப் பொறுப்பேற்பது ஆன்மாவா, உடலா? இடைக்கால ஐரோப்பா இவ்வினாவை இலக்கியத்திலும் தத்துவத்திலும் ஆராய்ந்தது.

13ஆம் நூற்றாண்டில் பரவலாகப் படிக்கப்பட்ட ‘பிலிபெர்ட்டின் காட்சி’ என்னும் இலத்தீன் கவிதை இதனை ஒரு வழக்காகவே அமைக்கிறது. பிணத்தின் அருகே நிற்கும் ஆன்மா, தன் கேட்டுக்கு உடலின் ஆசைகளே காரணம் என்று பழிக்கிறது. உடலோ, ஆளும் அறிவு ஆன்மாவிடமே இருந்தது என்றும், தான் ஏவியதைச் செய்த பணிப்பெண் மட்டுமே என்றும் மறுக்கிறது. இறுதியில் பேய்கள் ஆன்மாவை இழுத்துச் செல்கின்றன.

இவ்வழக்கு எழக் காரணம், ஆன்மாவையும் உடலையும் இரு வேறு ஆட்களாகக் கொள்வதே. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அரிஸ்டாட்டிலின் ஆன்மா பற்றிய நூல் வேறொரு வழியைக் காட்டியது. கண் ஓர் உயிரியாயின் பார்வையே அதன் ஆன்மாவாகும் என்பது அந்நூலின் விளக்கம். பார்வையும் கண்ணும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்ட இயலாது அன்றோ!

தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை ஏற்று, ஆன்மா உடலின் வடிவம் என்றார். இறப்புக்குப்பின் ஆன்மா நிலைத்திருக்கும் என நம்பிய அவரே, ஆன்மா மட்டும் ‘நான்’ ஆகாது என்றும் எழுதினார். உடல் மீண்டும் உயிர்த்தெழும் என்னும் கிறித்துவ நம்பிக்கைக்கு இதனால் தத்துவ ஆதரவும் கிடைத்தது.

அக்காலத்தில் கொர்தோவா அறிஞர் இப்னு ருஷ்துவின் உரைகளைப் பின்பற்றிய பாரிஸ் ஆசிரியர் சிலர், சிந்திக்கும் அறிவு மாந்தர் அனைவருக்கும் ஒன்றே என்றனர். 1270இல் அக்குவினாஸ் இதனை மறுத்துத் தனி நூல் எழுதினார். சிந்திப்பது இந்த மனிதன் அல்லன் எனில், அவனைப் புகழ்வதற்கும் பழிப்பதற்கும் இடமேது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் ஆயர் கண்டித்த 13 கூற்றுகளில் இக்கருத்தும் அடங்கும்.

ஆகவே, ஆன்மா பற்றிய இவ்விவாதத்தை மறுமையைப் பற்றியதாக மட்டும் நாம் கருதலாகாது. செயலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதே அதன் உட்பொருள். கவிதையில் ஆன்மாவும் உடலும் ஒன்றன்மேல் ஒன்று சுமத்திய பழியை, அக்குவினாஸின் தத்துவம் பிரிக்கவியலாத முழு மனிதனிடமே ஒப்படைக்கிறது.