மூலை வளைவுக்கு முழு லாபமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் திரையில் ஐகான்கள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? அந்த வரிசையின் தோற்றத்திற்கு ஒரு நிறுவனம் சொந்தம் கொண்டாட முடியுமா? அமெரிக்காவில் முடியும். அதற்குப் பெயர் டிசைன் பேட்டண்ட். சாதாரண பேட்டண்ட், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காக்கும். டிசைன் பேட்டண்ட், அது எப்படித் தோற்றமளிக்கிறது என்பதைக் காக்கும்.

வழக்கு என்ன?

2011-ல் ஆப்பிள் நிறுவனம் சாம்சங் மீது கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. அதில் மூன்று டிசைன் பேட்டண்ட்கள் இருந்தன. மூலைகள் வளைந்த கறுப்பு முகப்பு ஒன்று. அதைச் சுற்றிய விளிம்பு மற்றொன்று. கட்டம் கட்டமாக அமைந்த 16 ஐகான்கள் மூன்றாவது. 2012-ல் ஜூரி ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு தொகை குறைந்து, டிசைனுக்கு மட்டும் 39.9 கோடி டாலர் என நின்றது. 2015-ல் அப்பீல் கோர்ட்டும் இதை ஏற்றது.

கார்ப்பெட் தந்த சட்டம்

இவ்வளவு பெரிய தொகை ஏன்? காரணம் 1887-ல் வந்த ஒரு சட்டம். அதற்குச் சற்று முன், கார்ப்பெட் டிசைனைக் காப்பியடித்தவர்களுக்கு எதிரான வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த நஷ்டஈடு வெறும் 6 சென்ட். லாபத்தில் டிசைனின் பங்கு எவ்வளவு என்று நிரூபிக்க முடியவில்லை. எனவே, காப்பியடித்த பொருளின் முழு லாபத்தையும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது.

கார்ப்பெட்டை டிசைனுக்காகத்தான் வாங்குகிறோம். போன் அப்படியா? உள்ளே பிராசசர், மெமரி, பேட்டரி, சாப்ட்வேர் எல்லாம் இருக்கின்றன. "முகப்புக்கு உரிய லாபம் மட்டும் போதும்" என்றது சாம்சங். உள்பாகங்களை யாரும் தனியாக வாங்குவதில்லை, எனவே போன் முழுவதும் ஒரே பொருள் என்றது அப்பீல் கோர்ட்.

கடைசியில் நடந்தது

2016 டிசம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: சட்டம் குறிப்பிடும் "பொருள்" என்பது முழுப் பொருளாகவும் இருக்கலாம், அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம். எது என்று எப்படி முடிவு செய்வது? அதை அவர்கள் சொல்லவில்லை. வழக்கு கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பியது.

2018 மே மாதம் புதிய ஜூரி டிசைனுக்கு விதித்த தொகை 53.3 கோடி டாலர். சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்த சாம்சங்குக்கு, முன்பைவிட அதிகத் தொகை! அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

புரோகிராம் எழுதும் எங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோடிங் முழுவதையும் சொந்தமாக எழுதினாலும், திரையின் தோற்றத்தைக் காப்பியடித்தால் சிக்கல்தான். நாளை நீங்களும் புரோகிராம் எழுதலாம். அப்போது ஐகான்களையும் நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.