1429: வலங்கையும் இடங்கையும் கைகோர்த்த வருஷம்

வரி கூடினால் ஜனங்கள் கிளர்ந்தெழுவார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தேட நம்ம கடலூர் மாவட்டத்திலேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் விருத்தாசலம். அங்கே பழமலைநாதர் கோயிலில் 1429இல் வலங்கை 98, இடங்கை 98 சாதியாரும் ஒன்றாகக் கூடி எடுத்த முடிவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இவங்க ஒன்று சேர்ந்ததே அதிசயம். உழுகுடிகள், கைவினைஞர்கள், வணிகர்கள் எனப் பல சாதிகள் பிரிந்து நின்ற இரண்டு அணிகள் இவை. 11ஆம் நூற்றாண்டிலேயே இவங்க சண்டையில் சோழநாட்டில் ஒரு ஊர் எரிந்திருக்கிறது. பின்னால் சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்காரன் காலத்திலும் தெருவுக்காக அடிச்சுக்கிட்டாங்க. நடுவில் 1429இல் மட்டும் என்ன ஆச்சு?

அப்போது விஜயநகர ஆட்சி, இரண்டாம் தேவராயர் காலம். சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பகுதியின் வருவாயை அதிகாரிக்கு விட்டுவிடுவார்கள், அது சீவிதப்பற்று. அதே ஆண்டு, கும்பகோணம் பக்கம் திருவைகாவூரில் வெட்டிய கல்வெட்டு இதைத்தான் புகாராகச் சொல்கிறது: நாடு சீவிதப்பற்றாகப் போனது, வரியை ஒரே கை வாங்கவில்லை, குடிகள் ஊரை விட்டுப் போனார்கள்.

மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1993இல் கொள்ளைக்காரர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரே இடத்தில் தங்குபவன் அடுத்த வருஷமும் வாங்கணுமே என்று கொஞ்சம் மிச்சம் வைப்பான். வந்து போகிறவனுக்கு அந்தக் கவலை கிடையாது. சீவிதக்காரர்கள் இரண்டாம் ரகத்துக்குப் பக்கத்தில் வருகிறார்கள் என்பது என் கணிப்பு. வரியின் அளவைவிட, நாளைக்கு யார் வந்து எவ்வளவு கேட்பான் என்று தெரியாததுதான் குடிகளை விரட்டியிருக்கிறது.

கொருக்கைக் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டதால் ஓடிப்போக இருந்தோம். மண்டலம் முழுக்க நாம் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் என்று பிறகு புரிந்தது என்கிறது. கூட்டாகச் செயல்படுவது ஏன் கஷ்டம் என்று இதே ஓல்சன் 1965இல் ஒரு புத்தகமே எழுதினார்!

சரி, விருத்தாசலத்தில் என்ன முடிவு? வரி தண்டும் இராசகரத்தார், சீவிதக்காரர், அவர்களோடு சேர்ந்த காணியாளர், பிராமணர் யாருக்கும் அடைக்கலம் தரக்கூடாது. இந்த நாட்டில் பிறந்த எவனும் அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. மீறினால் நாட்டுத் துரோகி, குத்திவிடலாம். கணக்கு எழுதாதே என்பதுதான் இதில் பெரிய அடி. எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளையும் என்பது வெளியிலிருந்து வந்த அதிகாரிக்குத் தெரியாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அட்மின் தர மறுத்த மாதிரி.

காணியாளர், பிராமணர் பேர் வருவதால் இதை வெறும் சாதிச் சண்டையாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படியென்றால் வலங்கையும் இடங்கையும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாங்க.

ராஜா தப்பித்துக்கொண்டார். கோபம் நடுவில் இருந்தவர்கள் மேல் என்பதால் அரியணை ஆடவில்லை. தேவராயர் 1446 வரை ஆண்டார். குடிகளும் வரியே கிடையாது என்று சொல்லவில்லை. வாழைக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு என்று நீளமான கட்டணப் பட்டியலைத் திருவைகாவூரில் தாங்களே போட்டுக் கல்லில் வெட்டிவிட்டார்கள், அடுத்து வருகிறவன் அழித்து எழுத முடியாதபடி.