‘மா’ என்னும் ஓரெழுத்தும் மொழிகள் தரும் பல பொருள்களும்

பலசரக்குக் கடையொன்றிற்குச் சென்று ‘மா வேண்டும்’ என்று கேட்டால், ‘கோதுமை மாவா, அரிசி மாவா?’ என்று கடைக்காரர் வினவுவார். அதே சொல்லைத் தோட்டத்தில் நின்று கூறினால் அது மரத்தைக் குறிக்கின்றது. யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் கூறினால் தேமா, புளிமா என்னும் சீர்கள் மாணவனின் நினைவுக்கு வருகின்றன. பழைய இலக்கியத்தில் இச்சொல் விலங்கையும், சிறப்பாகக் குதிரையையும் குறிக்கும். ‘மாநகரம்’, ‘மாநாடு’ என்னும் சொற்களில் ‘பெரிய’ என்ற பொருளைத் தருகின்றது. பழந்தமிழ்க் கணக்கில் இருபதில் ஒரு பங்கு ‘மா’ எனப்பட்டது. ஒரு வேலி நிலத்தின் இருபதில் ஒரு பங்கும் அதே பெயரைப் பெற்றது.

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நின்று பொருள் தருவதை எமது இலக்கண நூலார் ‘ஓரெழுத்தொருமொழி’ என்றனர். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இவ்வாறான சொற்கள் 42 எனக் கணக்கிட்டார். அவற்றுள் பல பொருள்களைச் சுமந்து நிற்பவற்றில் ‘மா’வும் ஒன்றாகும். எனினும் இச்சொல்லின் கதை தமிழோடு முடிந்துவிடுவதில்லை. எமது நாட்டில் வழங்கும் மொழிகளிலும் உலகின் வேறு பல மொழிகளிலும் இதே ஒலி முற்றிலும் வேறான பொருள்களில் வழங்கி வருகின்றது.

முதலில் அரபு மொழியை நோக்குவோம். அம்மொழியில் ‘மா’ என்பது ‘என்ன’ என்னும் வினாவாக வரும். ‘எதுவோ அது’ என்னும் பொருளிலும் வரும். வினைச்சொல்லுக்கு முன்னால் நின்று அது நிகழவில்லை என்று மறுப்பதற்கும் பயன்படும். முஸ்லிம் மக்கள் நாளாந்தம் கூறும் ‘மாஷா அல்லாஹ்’ என்னும் தொடரின் முதற்சொல் இதுவேயாகும். ‘அல்லாஹ் நாடியது’ என்பது அத்தொடரின் பொருள். நீரைக் குறிக்கும் அரபுச் சொல்லும் ஏறத்தாழ இவ்வாறே ஒலிக்கின்றது. ஆனால் அதன் இறுதியில் தொண்டையில் மூச்சைச் சற்று நிறுத்தி ஒலிக்கும் ‘ஹம்ஸா’ உண்டு. அதற்குத் தமிழில் எழுத்து இல்லையாதலால், தமிழில் எழுதும்போது வினாவும் நீரும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபையும் இங்கு நினைவுகூரவேண்டும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புதிய குறிகளை ஆக்கிக்கொண்ட மரபு அது. ‘மீம்’, ‘அலிஃப்’ என்னும் இரு எழுத்துக்களையும் சேர்த்தால் ‘மா’ என்றே வாசிக்கப்படும். அது தமிழ் ‘மா’வா, அரபு ‘மா’வா என்பதைத் தீர்மானிப்பது அந்த எழுத்துக்கள் அல்ல, அவை நிற்கும் வசனமே. இரு மொழிகளையும் அறிந்த வாசகருக்கு அதில் மயக்கம் ஏற்பட்டிருக்காது.

சிங்கள இலக்கிய வழக்கில் ‘மா’ என்பது ‘நான்’, ‘என்னை’ என்னும் பொருள்களில் வரும். பேச்சு வழக்கில் ‘மம’ என்றால் ‘நான்’. அதையே நீட்டி ‘மாமா’ என்றால், தமிழைப் போலவே தாய்மாமனைக் குறிக்கும். குறிலும் நெடிலும் மாறுவதால் பேசுபவரே உறவினராகிவிடுகின்றார். மஹ ஓயாவை ‘மா ஓயா’ என்று கூறும்போது அச்சொல் ‘பெரிய’ என்றும் பொருள்படுகின்றது.

வடமொழியில் ‘மா’ என்பது ‘வேண்டாம்’, ‘செய்யாதே’ என விலக்கும் சொல். திருமகளுக்கும் அது பெயர். ‘மாதவன்’ என்னும் பெயருக்குத் திருமகளின் கணவன் என்று பொருள் கூறப்படுவது இதனாலேயே. உருதுவிலும் ஹிந்தியிலும் மூக்கொலியோடு கூறப்படும் ‘மா’ தாயைக் குறிக்கின்றது. பாரசீகத்தில் இச்சொல்லின் பொருள் ‘நாம்’. இத்தாலிய மொழியில் ‘ஆனால்’, பிரெஞ்சில் பெண்பாற் பெயருக்கு முன்வரும் ‘என்’, ஹங்கேரிய மொழியில் ‘இன்று’, பின்லாந்து மொழியில் ‘நிலம்’ எனப் பொருள்கள் விரிந்து செல்கின்றன.

சீன மொழியில் நிலைமை மேலும் நுட்பமானது. அங்கு குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றிவிடும். மண்டரின் சீனத்தில் ‘மா’வை உயர்ந்த சமநிலைக் குரலில் ஒலித்தால் தாய், குரலை உயர்த்திச் சென்றால் சணல் வகை, தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் ஏசுதல். தாயை அழைக்க முற்படும் புதிய மாணவர் குரல் தவறிக் குதிரையை அழைத்துவிடக்கூடும்.

ஒரே ஒலி இத்தனை மொழிகளில் காணப்படுவது ஏன்? உதடுகளை மூடித் திறந்தவுடன் பிறக்கும் எளிய ஒலி இது. பால் அருந்தும் குழந்தையின் வாய் மூடியிருக்கும்போது மூக்கின் வழியாக எழும் முனகலே பின்னர் உணவையும் தாயையும் வேண்டும் ஒலியாக மாறுகின்றது என மொழியியலாளர் ரோமன் யாகொப்சன் 1960ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில் விளக்கினார். பல மொழிகளில் தாயைக் குறிக்கும் சொல்லில் மகர ஒலி அமைந்திருப்பதற்கு இது பொருத்தமான காரணமாகும். எனினும் இதுவும் மாறாத விதியன்று. ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை என்பதே பொருள்.

ஒலி இயற்கையிலிருந்து கிடைக்கலாம். ஆனால் அதற்குரிய பொருளை வழங்குவது அம்மொழியைப் பேசும் சமூகமாகும். ஒலிக்கும் பொருளுக்கும் இடையே இயல்பான பிணைப்பு இல்லை என்னும் கருத்து, சுவிட்சர்லாந்து அறிஞர் சசூரின் விரிவுரைகள் 1916இல் நூலாக வெளிவந்தபின் நவீன மொழியியலின் அடிப்படைகளில் ஒன்றாயிற்று. எல்லாச் சொற்களும் பொருள் உடையன, ஆனால் அப்பொருள் ஏற்பட்ட காரணம் வெளிப்படையாகத் தோன்றாது எனத் தொல்காப்பியரும் கூறியிருப்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆகவே இரு மொழிகளில் ஒரே ஒலி இருப்பதைக் கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று முடிவுகட்டுவது தவறாகும். தமிழிலும் ‘மா’ குதிரை, சீனத்திலும் ‘மா’ குதிரை. இந்த ஒற்றுமை மாத்திரம் உறவுக்குச் சான்றாகாது. பல சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றங்களும் வரலாற்றுத் தொடர்பும் காட்டப்படவேண்டும். மாங்காயின் பெயர் அவ்வாறான உண்மைத் தொடர்புக்கு உதாரணமாகும். 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கேயர், மலையாளக் கரையில் கேட்ட ‘மாங்ங’ என்னும் சொல்லைத் தம்முடன் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தின் ‘மாங்கோ’ அவ்வழி வந்ததே.

இவை யாவும் அறிஞர்களுக்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சி என்று எமது நாட்டில் ஒதுக்கிவிட முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் ஏற்படுத்திய காயம் இன்னும் மறக்கப்படவில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவை அமைப்பதற்கான சட்டமும் நிறைவேறியது. ஆனால் மற்றைய மொழியை அறியாதவர் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதும்போது சட்டம் தந்த உரிமை பலகையில் கேலிப்பொருளாகிவிடுகின்றது. பேருந்துகளில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்றிருக்கவேண்டிய இடத்தில் தகரம் நகரமாகி நின்ற கொடுமை பத்திரிகைகளில் சுட்டிக்காட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுதியவருக்கு அது ஒரு சிறு கோடு. ஆசனத்தில் அமரும் தாய்க்கோ அது அவமதிப்பு. விண்ணப்பப் படிவத்திலும் மருந்துச் சீட்டிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் இத்தகைய தவறு நேர்ந்தால் விளைவு இன்னும் பாரதூரமானதாகும்.

இன்று கணினியும் கைத்தொலைபேசியும் நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றன. எனினும் சூழலை அறியாத மொழிபெயர்ப்பு எந்த மாவை எந்த மாவாக மாற்றும் என்று கூறமுடியாது. எனவே பொது அறிவித்தல் எதுவாயினும், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே வெளியிடப்படவேண்டும். அதற்குச் செலவாகும் நேரம் மிகச் சொற்பமே.

அண்டை வீட்டாரின் பேச்சில் எமது காதுக்குப் பழகிய ஒலியொன்று கேட்கும்போது, எமது பொருளையே அதற்கும் கொடுத்துவிடுகின்றோம். பல மனத்தாங்கல்களின் ஆரம்பம் அதுவாகும். ‘எந்த மா?’ என்று கேட்ட பின்னரே கடைக்காரர் பொருளை நிறுக்கின்றார். பல மொழிகள் வழங்கும் ஒரு நாட்டில், தீர்ப்புக் கூறுவதற்கு முன்னர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவேயாகும்.