பறையும் பாடகரும்: கே. ஏ. குணசேகரன் (1955–2016)

வைக்கோல் தீயில் வாட்டித் தோலை முறுக்கேற்றி, இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சியும் வலக்கையில் தடித்த அடிக்குச்சியும் கொண்டு முழக்கப்படும் பறை, புதுவையின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மரண வீட்டின் துக்கத்தை ஊருக்கு அறிவித்து வந்த வாத்தியமாகும்.

இத்தகைய கிராமியக் கலைகளை இழிவென ஒதுக்கிய சமூகத்தின் முன்னிலையிலேயே அவற்றைக் கௌரவத்தோடு மேடையேற்றியவர், இளையான்குடிக்கு அருகில் மாரந்தையில் பிறந்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கிய குணசேகரன். பாடகர், நாடகாசிரியர், ஆராய்ச்சியாளர் எனப் பல துறைகளிலும் உழைத்த அவர், பால்யத்தில் அனுபவித்த சாதிக் கொடுமையின் வேதனையை ‘வடு’ (2005) என்னும் சுயசரிதையாகவும், தலித் மக்களின் அவலத்தைப் ‘பலி ஆடுகள்’ என்னும் நாடகமாகவும் படைத்தார். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை அவர் தம் கம்பீரமான குரலில் பாடக் கேட்டோர்க்கு, தனித்தனியே சுமந்த அவமானம் சமூகத்தின் பொதுக் குரலாகி, ஆறுதலும் தைரியமும் அளித்தது.