எக்சேஞ்சும் எக்சேஞ்சும் பேசிக்கொண்டது

விருத்தாசலம் பக்கத்து நல்லூரில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று சென்னைக்குப் பேசிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 044 போட்டு, எண்ணையும் சுழற்றி முடித்தால் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம்தான் ரிங் போகும். நடுவில் லைன் தூங்கவில்லை. விருத்தாசலம் எக்சேஞ்சும் சென்னை எக்சேஞ்சும் நம் காதுக்கு எட்டாமல் பேசிக்கொண்டிருந்தன.

அதற்கும் முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் ஆபரேட்டர்கள். ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கேட்டு டிரங்க் கால் பதிந்துகொள்வார்கள்; அடுத்த ஊர் ஆபரேட்டரை வாயால் கூப்பிட்டு எண்ணைச் சொல்வார்கள். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தது. அந்த வாய்ப்பேச்சு மெஷின் தலையில் விழுந்தது.

ஊருக்குள் சிக்கல் இல்லை. டயலில் 7 சுழற்றினால் லைனில் ஓடும் கரண்ட் ஏழு முறை அறுபடும், விநாடிக்குப் பத்து வீதம். எக்சேஞ்ச் எண்ணிக்கொள்ளும். ஆனால் ஊருக்கு ஊர் போகும் டிரங்க் லைன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. வழியில் குரலைப் பெருக்கும் கருவிகள் உண்டு, ஒரே பாதையில் பல அழைப்புகளை அடுக்குவார்கள், மைக்ரோவேவ் கோபுரம் வழியாகவும் அனுப்புவார்கள். கரண்ட் அறுபடுவது அந்தப் பக்கம் போய்ச் சேராது. போய்ச் சேருவது ஒலி மட்டும்தான், அதுவும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே மெஷின்களும் ஒலியிலேயே பேச வேண்டியதாயிற்று.

இங்கே அதிகம் புழங்கியது எம்.எஃப்.சி. என்ற முறை. இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலித்தால் ஓர் இலக்கம். அனுப்புகிற பக்கத்துச் சுருதிகள் 1380 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே போகும். பதில் சுருதிகள் 1140இல் தொடங்கிக் கீழே இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தாலும் குழம்பாது. சூளையில் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்: அடுத்தவர் பிடித்தது தெரியும்வரை இவர் விடமாட்டார். இதுவும் அப்படித்தான். இந்த எக்சேஞ்ச் முதல் இலக்கத்தை ஒலித்துக்கொண்டே இருக்கும். ‘கிடைத்தது, அடுத்ததை அனுப்பு’ என்று அங்கிருந்து பதில் ஒலி வரும். அதைக் கேட்டு இது நிறுத்தும். இது நிறுத்தியதைக் கேட்டு அது நிறுத்தும். பிறகுதான் இரண்டாவது இலக்கம். லைன் மோசமாக இருந்தாலும் எண் எளிதில் தவறாத ஏற்பாடு. அவசரம் தெரியாத ஏற்பாடும்கூட.

கடைசியில் அந்தப் பக்கம் சொல்லும்: போன் சும்மா இருக்கிறது, அல்லது எங்கேஜ்டு. எதிராளி எடுத்ததும் ‘எடுத்தாயிற்று’ என்ற சிக்னல் திரும்பி வரும். பூத்தில் சிவப்பு எழுத்து மீட்டர் ஓடத் தொடங்கியது அதை வைத்துத்தான். ஆனால் பேச்சு நடக்கும் பாதையிலேயே நிர்வாகமும் நடந்தால் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் ஒலிதான் ‘டிரங்க் காலி’ என்பதற்கு அடையாளமாக இருந்தது. காலை உணவுப் பொட்டலத்தில் இலவசமாக வந்த ஒரு பொம்மை ஊதலும் அதே சுருதியில் ஊதியது. அதை வைத்து லைனை ஏமாற்றிச் சிலர் காசில்லாமல் வெளியூருக்குப் பேசினார்கள்.

ஆகவே சிக்னலுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். 1980இல் உலகத் தரமாக வந்த ஏழாம் எண் முறை, சுருக்கமாக சி7. ஒரே டேட்டா லைன் நூற்றுக்கணக்கான டிரங்குகளுக்கான செய்தியைச் சுமக்கும். ரிங் உடனே போகத் தொடங்கியது. எஸ்.எம்.எஸ்.ஸும் இந்தப் பாதையில்தான் ஏறியது. அங்கே இடம் குறைவு. ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70.

ஊதல் சங்கதி ஒழிந்தது, நம்பிக்கைச் சிக்கல் ஒழியவில்லை. சி7 வழியாக ஒரு செய்தி வந்தால் அனுப்பியவர் யார் என்று அது சோதிப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் தொலைபேசிக் கம்பெனிகளே என்ற நினைப்பில் கட்டியது. 2017இல் ஜெர்மனியில் இந்தப் பாதையில் புகுந்து, வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். எண்களைத் திருப்பிவிட்டுப் பணம் எடுத்தார்கள். உங்கள் வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கும் வசதி தந்தால், எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை விட்டுவிட்டு அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.