மலைமேல் ஒரு மின்சாரத் தொட்டி!

புளியையும் மிளகாயையும் வருஷத்துக்கு வாங்கிப் பத்திரப்படுத்துகிறோம். கரண்டை அப்படி வைக்க முடிகிறதா? உற்பத்தியான அந்த நொடியே செலவாகிவிட வேண்டும். வெயில் காயும்போது சூரிய மின்சாரம் ஏராளம். நாம் விளக்குப் போடும் நேரத்தில் அது இல்லை. ஆனி, ஆடியில் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். ஐப்பசி வந்தால் அடங்கிவிடும்.

2012ல் நம் சேலம், நாமக்கல் பக்கம் பட்ட பாட்டை மறக்க முடியுமா, சகோதரிகளே? மணிக்கணக்கில் மின்வெட்டு. பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறிகள் நின்றன. தறி ஓடினால்தானே கூலி! கைக்குழந்தையை மடியில் போட்டு விடிய விடிய விசிறிக்கொண்டிருந்தவள் நான்.

சேமிக்க வழி இல்லாமல் இல்லை. வால்பாறை மலைப் பக்கம் காடம்பாறையில் ஒரு மின்நிலையம் 1987ல் ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து உள்ளே கட்டியிருக்கிறார்கள். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் இதன் வேலையும். கரண்டு மிஞ்சும்போது, கீழே மேல் ஆழியாறு அணையிலுள்ள தண்ணீரை உயரத்திலுள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். சாயங்காலம் ஊரெல்லாம் சுவிட்சைப் போடும்போது திறந்துவிட்டால், தண்ணீர் பாய்ந்து மின்சாரம் தரும். ஏற்றுகிற எந்திரமேதான் திருப்பிச் சுழன்று மின்சாரமும் தருகிறதாம்! நான்கு எந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட்.

நம் மேட்டூரில் அப்படியில்லை. திறந்த தண்ணீர் மின்சாரம் தந்துவிட்டு வயலைப் பார்க்கப் போய்விடும்.

"ஏனம்மிணி, ஏத்தறதுக்கும் கரண்டு செலவுதானே? இதுல என்ன லாபம்?" என்றார் என் மாமியார். நியாயமான கேள்வி! நான்கு பங்கு செலவழித்தால் ஏறக்குறைய மூன்று பங்குதான் திரும்பும். நெல் குத்தினால் உமி போகாதா? காற்று நன்றாக வீசியும், அந்த நேரத்தில் கரண்டு தேவைப்படாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த நாட்களும் உண்டு. அதற்கு இது மேல்தானே?

இப்போது பெரிய பெரிய பாட்டரிகளிலும் சேமிக்கிறார்கள். ஊருக்கு அது என்றால் வீட்டுக்கு இன்வெர்ட்டர். அதன் சாதாரண ஆசிட் பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். நம் போர்வெல் உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். சாமி விளக்கு, அடுப்புப் பக்கம் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் கசக்காமல் பதினைந்து நிமிஷமாவது குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.