அழகுக்கு ஆயுள் குறைவு!

அழகுக்கு ஆயுள் குறைவு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விஞ்ஞானிகளும் அதை ஆமோதிக்கிறார்கள். அவர்கள் 'அழகு' என்று பெயர் சூட்டியிருக்கும் ஒரு துகளின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்கு போட்டால், அதில் சுமார் ஒன்றரைப் பங்கு!

அணுவுக்குள் புரோட்டான் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் புரோட்டானுக்குள்ளும் 'குவார்க்'குகள் இருக்கின்றன. மொத்தம் ஆறு வகை. நம் உடலிலும், உடுத்தும் சேலையிலும், உலையில் கொதிக்கும் அரிசியிலும் இருப்பவை இலேசான இரண்டு வகைதான். கனத்தவை நிலைப்பதில்லை, உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும். 1977-ல் அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடத்தில் லியான் லெடர்மன் கோஷ்டியார் கண்டுபிடித்த அழகுக் குவார்க், ஒரு முழுப் புரோட்டானைவிட நாலு மடங்குக்கு மேல் கனம்!

அதை ஏராளமாக உண்டாக்கவல்ல யந்திரம் ஜினீவாவுக்கு அருகே, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் இருக்கிறது. 2008-ல் தொடங்கியது. புரோட்டான்களை எதிரெதிராக, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரட்டி மோதவிடுவார்கள். பிறக்கும் அழகுக் குவார்க், வேறு குவார்க்குகளுடன் கைகோத்துக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் அளவே ஓடும். அதற்குள் சிதைந்துவிடும்! அந்தச் சிறு ஓட்டத்தை அளக்கச் சிலிகான் தகடுகள் காத்திருக்கின்றன. புரோட்டான் கதிர் நிலைப்படும் வரை அவை விலகி நிற்கும். நிலைப்பட்டதும், கதவு சாத்துவதுபோல, கதிருக்கு 5 மில்லிமீட்டர் பக்கத்தில் நெருங்கி வரும்.

இத்தனை பாடும் எதற்கு? நாம் ஏன் இருக்கிறோம் என்று அறியத்தான்!

பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சமபங்காகப் பிறந்தன என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் நீங்களும் நானும் எப்படி மிஞ்சினோம்? இயற்கை எங்கோ ஓரவஞ்சனை செய்திருக்க வேண்டும்!

குவார்க்குகள் ஆறு வகையானால் அத்தகைய ஓரவஞ்சனைக்கு இடமுண்டு என்று 1973-லேயே கோபயாஷி, மஸ்காவா என்ற ஜப்பானியர் இருவர் சொன்னார்கள். 2008-ல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. 2025 மார்ச்சில், புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த ஓர் 'அழகு'த் துகளும் அதன் எதிர்த்துகளும் சிதைவதில் சுமார் 2.5 சதவிகித வித்தியாசம் இருப்பதை ஜினீவா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம்மை ஆக்கியிருக்கும் அந்த இனத்தில் ஓரவஞ்சனை பிடிபட்டது அதுவே முதல் தடவை.

ஆனால் கணக்கு இன்னும் நேராகவில்லை. நட்சத்திரங்களும் நாமும் மிஞ்சுவதற்கு, இதுவரை அகப்பட்ட ஓரவஞ்சனை போதவே போதாது. மீதி எங்கே ஒளிந்திருக்கிறது? அந்த ஒரு சென்டிமீட்டர் ஓட்டத்தில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!